மீன்தொட்டி இருக்கும் அறை

மார்ச் 3, செவ்வாய்

சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இருவரும் இல்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிறன்று நான் "முதலில் தண்ணீரின் தன்மையை" என்று ஆரம்பித்த உடனே, "உங்க பாடத்தைக் கேக்கற வயசு எனக்குத் தாண்டிப்போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுதி, மீன் தீனி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நாளை உங்கள் முறை. படிப்பீர்கள் என்று நம்புகிறேன். கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டால் குழப்பம் குறையும். என் மகனும் உங்கள் மகளும் வேலை நிமித்தம் ஓராண்டு வெளியூர் போனபோது ஆளுக்கொரு சாவி கொடுத்துவிட்டுப் போனார்கள். செவ்வாய், வியாழன், சனி நான் வந்து மீன்களைப் பார்த்துக்கொள்வது. திங்கள், புதன், வெள்ளி நீங்கள். ஞாயிறு மீன்களுக்குப் பட்டினி. அது நல்லதுதான் என்று படித்தேன். மே மாதக் கடைசியில் அவர்கள் திரும்புகிறார்கள். அதன்பிறகு, தொட்டி இருக்கும் இந்த இரண்டாவது அறையில் நம்மில் ஒருவர் அவர்களோடு வந்து இருக்கலாம் என்றும், யார் என்பதை வந்து முடிவு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்கள். நான் குடியிருக்கும் மாடி அறையை வீட்டுக்காரர் இடிக்கப்போகிறார். ஜூன் மாதத்தில் எனக்குத் தலைசாய்க்க இடமில்லை. உங்களுக்கு உங்கள் பெரிய மகன் வீடு இருக்கிறது. இதை என் மகனிடம் நான் எடுத்துச் சொன்னதைத்தான் நீங்கள் கோள் மூட்டியதாக நினைக்கிறீர்கள். நான் சொன்னது தகவல். அப்படித்தான் நினைத்துச் சொன்னேன்.

இனி செடி. பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு, தான் வருவதற்குள் உயிருள்ள செடிகளை வைக்க வேண்டும், அவற்றை நாம் இருவரும் கலந்து பேசித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மருமகள் கேட்டிருக்கிறாள். நம்மைப் பேசவைக்கும் ஏற்பாடு இது என்று எனக்கும் புரிகிறது. இருந்தாலும் செடி வைத்தாக வேண்டும். இந்தத் தொட்டியின் விளக்கு சாதாரணமானது. அதிக வெளிச்சம் கேட்கும் செடிகள் ஆகாது. குழாய்த் தண்ணீர் கடினமானது. எனவே பின்பக்கம் நாடாபோல நீண்டு வளரும் வாலிஸ்னேரியா, நடுவில் அனூபியாஸ். இது தடித்த இலையுள்ள, மெதுவாக வளரும் செடி. கல்லில் கட்டி வைக்க வேண்டும். என் தேர்வு தவறாகவும் இருக்கலாம். வேறு கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தந்தை


மார்ச் 4

சம்பந்திக்கு,

கிழிக்கல. படிச்சேன். ஒரு தொட்டிக்கே ரெண்டு பக்கம்னா, ஒரு குளத்துக்கு நீங்க புராணமே எழுதுவீங்க போல.

எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. தையல் கடையில காலமெல்லாம் அளவுத் துண்டுல எழுதினதுதான் என் எழுத்து. பேசற மாதிரியே எழுதறேன். பிடிக்கலன்னா நீங்க கிழிச்சுக்கோங்க.

காரணம் கேட்டீங்களே. உங்க தேர்வுல எல்லாமே பச்சை. லைப்ரரியில அட்டை எழுதி எழுதி உங்களுக்குக் கலரே மறந்துபோச்சு. என் மக பார்த்துப் பார்த்து வாங்கின தொட்டி. அதுல கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒண்ணு வேணாமா? அதனால நானே போய், சிவப்பு இலையில வெள்ளைக் கோடு போட்ட செடி ரெண்டு வாங்கி வச்சுட்டேன். சீமந்தத்துக்கு உட்கார்ந்த பொண்ணு மாதிரி இருக்கு. வந்து பாருங்க. பால்கனியில நான் வளர்க்காத செடியா? செடிக்கு மண்ணு, தண்ணி, வெளிச்சம், கொஞ்சம் பாசம். புத்தகம் வேணாம்.

என் பெரியவன் வீட்டைப் பத்தி நீங்க எழுத வேணாம். அது எனக்கு இருக்கா இல்லையாங்கறது என் பாடு. அந்த அறை என் மகளோட அறை. மகளோட அறையில அம்மா இருக்கறதுக்கு யார்கிட்டயும் தகவல் சொல்லத் தேவையில்ல.


மார்ச் 14, சனி

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் சிவப்புச் செடிகள் அழுகிவிட்டன. அடித்தண்டு குழைந்து, தொட்டால் கையோடு வருகிறது. தண்ணீர் கெட்டு ஒரு மீன் செத்துவிட்டது. கோடு போட்ட சிறிய மீன்களில் ஒன்று.

அழுகிய தண்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நீங்கள் வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் அதை அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்குள் பூந்தொட்டியில் மண் போட்டு வளர்க்கும் அலங்காரச் செடி அது. "தண்ணிக்குள்ள வச்சா கொஞ்ச நாள் அழகா இருக்கும்னுதான் சார் சொன்னேன். அப்புறம் என்ன ஆகும்னு அந்தம்மா கேக்கவே இல்லையே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வருத்தம்.

நீர்ச்செடியை எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு வழி சொல்கிறேன். தண்ணீரிலிருந்து வெளியே தூக்கினால் பெரும்பாலும் அது துவண்டு தொங்கும். தண்ணீர் தாங்கிப் பிடிப்பதால் அதற்குத் தன் காலில் நிற்க வேண்டிய தேவை இல்லை. உங்கள் சிவப்புச் செடி கடையிலேயே சிப்பாய் மாதிரி நின்றிருக்கும். ஆனால் அனூபியாஸும் விறைப்பாகத்தான் இருக்கும். ஆக, இந்த விதியை முழுதாக நம்ப வேண்டாம். நானே முழுதாக நம்பவில்லை.

நான் சொன்ன இரண்டு வகைகளையும் வாங்கி, நத்தை முட்டைகள் வராதபடி முறையாகச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து தொடாதீர்கள். மீன் செத்ததை மகனிடம் சொன்னேன். எதனால் என்று அவன் கேட்டான். சொன்னேன்.


மார்ச் 16

சம்பந்திக்கு,

"எதனால்னு கேட்டான், சொன்னேன்." என்ன ஒரு அடக்கம். பாம்புகூட சீறிட்டுத்தான் கொத்தும். நீங்க வணக்கம் சொல்லிட்டுக் கொத்தறீங்க.

சரி, உங்க நாடாவை இன்னிக்கு வந்து பார்த்தேன். அது எங்க இருக்கு? கஞ்சியா கரைஞ்சு கிடக்கு. ஃபில்டர் வாயில பசை மாதிரி அப்பியிருக்கு. குளியலறை வாளியை மோந்து பார்த்தேன். ப்ளீச்சிங் வாடை. முறையா சுத்தம் பண்ணினேன்னு எழுதினீங்களே, செடியை வெளுக்கப் போட்டீங்களா? நான் அறியாம வாங்கி ஒரு மீன் போச்சு. நீங்க படிச்சுட்டு வந்து ஒரு செடி இனத்தையே ஒழிச்சுட்டீங்க. எனக்கும் போன் இருக்கு. என் மக கேக்கலை, ஆனாலும் சொன்னேன்.

அந்தத் தடி இலைச் செடியை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஆட்டைக் கட்டற மாதிரி கல்லோட கட்டியிருக்கீங்க. பார்க்கவே பாவமா இருந்துச்சு. நூலைப் பிடிச்சே வாழ்ந்தவ சொல்றேன், அது முடிச்சு இல்ல, சிக்கு. அவிழ்த்து, மணல்ல நல்லா ஆழமா நட்டுட்டேன். வேர்னு ஒண்ணைக் கடவுள் எதுக்குக் கொடுத்தான்? கல்லைக் கட்டிக்கிட்டு அழறதுக்கா?

மாப்பிள்ளை மேல எனக்குக் கோபமில்ல. தங்கமான பிள்ளை. எப்படி உங்களுக்குப் பிறந்தார்னுதான் தெரியல.


மார்ச் 26, வியாழன்

சம்பந்தி அம்மாவுக்கு,

வாலிஸ்னேரியா விஷயத்தில் தவறு என்னுடையது. ப்ளீச்சிங் கலந்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று படித்தேன். அந்தச் செடி மட்டும் அதைத் தாங்காது என்று அடுத்த பக்கத்தில் இருந்ததைச் செடிகளை முக்கி எடுத்த பிறகுதான் படித்தேன். இதை மகனிடமும் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

ஆனால் அனூபியாஸ் விஷயத்தில் நான் சொல்வதுதான் சரி. ஏறக்குறைய உறுதியாகச் சொல்கிறேன். அதன் இலைகளும் வேர்களும் ஒரு தடித்த தண்டிலிருந்து வருகின்றன. அந்தத் தண்டு படுக்கையாக ஓடும். அதை மணலில் புதைத்தால் மூச்சு முட்டி அழுகிவிடும். நான் தோண்டி எடுத்துக் கல்லில் கட்டுகிறேன். அடுத்த நாள் நீங்கள் அவிழ்த்து நடுகிறீர்கள். இன்றோடு மூன்றாவது முறை. தண்டின் ஒரு முனை ஏற்கெனவே கறுத்துவிட்டது. கறுத்ததை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டியிருக்கிறேன். என் முடிச்சு அழகாக இல்லை என்பதற்காகச் செடியைக் கொல்ல வேண்டாம்.

இன்னொன்று. இலைகளின் மேலும் கண்ணாடியிலும் பச்சைப் பாசி படிந்திருக்கிறது. வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினால்தான் இப்படி ஆகும். விளக்கு பகலில் மட்டும் எரியும்படி டைமர் வைத்திருந்தேன். டைமரைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள். இன்று காலை நான் வந்தபோது விளக்கின் மூடி சூடாக இருந்தது. முந்தைய நாள் மதியம் போனவர் அதை அணைக்க மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையுமா மறக்கும்? தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் நூல் துணுக்குகளும் கிடக்கின்றன. ஃபில்டரில் போய்ச் சிக்கினால் மோட்டார் நின்றுவிடும். கவனிக்கவும்.


மார்ச் 27

சம்பந்திக்கு,

விளக்கை நான் போடத்தான் போடுவேன். இருட்டுன்னா மீன் பயப்படுது. நீங்க மீனா இருந்து பார்த்திருக்கீங்களா? உங்க டைமரை அலமாரியில வச்சிருக்கேன். திரும்ப மாட்டினீங்கன்னா ஜன்னல் வழியா போயிடும்.

நூல் துணுக்கு என் புடவையில ஒட்டி வந்திருக்கும். தையக்காரி புடவையில நூல் ஒட்டாம நெல்லா ஒட்டும்? தரையில கிடக்கறதையெல்லாம் குனிஞ்சு எண்ணிக்கிட்டிருக்கீங்க. உங்களுக்கு வேற வேலை இல்ல.

எதிர் ஃபிளாட்காரம்மாவோட சேர்ந்துட்டீங்களா? அந்த அம்மா வாசல்ல யார் வந்தா, யார் போனா, எந்த விளக்கு எரிஞ்சுதுன்னு என் மகளுக்கு நேரடி ஒலிபரப்பு பண்றவ. நேத்து லிஃப்ட்ல பார்த்து, "அடிக்கடி வர்றீங்க போல"ன்னா. "மீனுக்கு என்னை விட்டா ஆளில்லம்மா"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவ வாய்க்கு நீங்க அவல் போட்டீங்கன்னு தெரிஞ்சுது, நல்லா இருக்காது.

செடி. மூணு தரம் நட்டேன், மூணு தரம் பிடுங்கிட்டீங்க. அதுக்கே தலை சுத்திப்போயிருக்கும். கறுத்த முனையை நானும் பார்த்தேன். அதனால கல்லுலயே விட்டுட்டேன். ஆனா உங்க சிக்கை அவிழ்த்துட்டு நான் கட்டியிருக்கேன். வித்தியாசம் தெரியுதா பாருங்க. தெரியாது உங்களுக்கு.


ஏப்ரல் 2, வியாழன்

சம்பந்தி அம்மாவுக்கு,

இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் கடையில் ஒரு மிதக்கும் செடி கிடைத்தது. வட்டமான சின்ன இலைகள். தண்ணீரின் மேல் படர்ந்து நிழல் கொடுத்துப் பாசியை அடக்கும் என்றார்கள். உங்கள் முறை மதியமே முடிந்திருக்கும், தொட்டியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது வீடு முழுக்க இருட்டு. இரண்டாவது அறை ஜன்னலில் மட்டும் தொட்டியின் வெளிச்சம். மாடி ஏறி வந்து கதவருகே நின்றேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். நின்றது. ஓடியது. இடையில் நீங்கள் ஏதோ முணுமுணுத்தது கேட்டது. மீன்களிடம் பேசினீர்கள் என்று நினைக்கிறேன். "உனக்குப் போட்டாச்சு, தள்ளிப் போ" என்பதுபோல.

பையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். தட்டவில்லை. திரும்பிவிட்டேன்.

பாசி, சூடான மூடி, நூல் துணுக்கு, கழற்றிய டைமர் எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே விடை. நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்கள். அறை விளக்கைப் போட்டால் எதிர் ஃபிளாட்டில் தெரிந்துவிடும் என்று மீன்தொட்டி வெளிச்சத்திலேயே இருக்கிறீர்கள். நான் வரும் காலைகளில் மட்டும் படுக்கையையும் மெஷினையும் ஒளித்துவிட்டு வெளியே போய்விடுகிறீர்கள். தவறாக இருந்தால் திருத்துங்கள். தவறாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அவர்கள் வந்து முடிவு செய்வதாகத்தான் ஏற்பாடு. நீங்கள் முன்னதாகவே உள்ளே புகுந்துகொண்டு, முடிவு செய்ய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டீர்கள். நான் இடிக்கப்போகும் கட்டடத்தில் ஒழுங்காகக் காத்திருக்கிறேன். இது நியாயமில்லை. பத்தாம் தேதிக்குள் நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்ல வேண்டியிருக்கும். யாரையும் மிரட்டி எனக்குப் பழக்கமில்லை. கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.


ஏப்ரல் 3

சம்பந்திக்கு,

ஆமா. இருக்கேன். பிப்ரவரியில இருந்து இருக்கேன்.

பேரன் படிக்கணும், தனி அறை வேணும்னு என் கட்டிலை நடைக்கு மாத்தினாங்க. துணி துவைக்கற மெஷினுக்குப் பக்கத்துல. சரின்னேன். அப்புறம், "அத்தை, உங்க தையல் மெஷின் சத்தம் மண்டைக்குள்ள ஓடற மாதிரி இருக்கு"ன்னா மருமக. துணி துவைக்கற மெஷின் அங்க குதிச்சுக்கிட்டு நிக்குது, அது அவ மண்டைக்குள்ள ஓடலை. என் பெரியவன் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் புரட்டற சத்தம் மட்டும் கேட்டுது. மறுநாள் மெஷினைத் தூக்கி வண்டியில வச்சு, மக வீட்டைப் பார்த்துக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். மககிட்ட அண்ணன் வீட்லதான் இருக்கேன்னு சொல்றேன். ரெண்டு பக்கமும் பொய். இந்த வயசுல மதில் மேல பூனை.

இதை உங்ககிட்ட சொல்றது பரிதாபப்படறதுக்கு இல்ல. உங்க பரிதாபத்தை ஊறுகாய் போட்டு வச்சுக்கோங்க. சொல்லணும்னா சொல்லுங்க. பத்தாம் தேதி எதுக்கு? நல்ல நாள் பார்க்கறீங்களா? இன்னிக்கே சொல்லுங்க. சொல்லும்போது, மெஷினைத் தூக்கிட்டு நான் அடுத்து எங்க போகணும்னும் நீங்களே சொல்லிடுங்க. நீங்கதான் எல்லாத்தையும் வரிசையா யோசிக்கறவராச்சே.

கதவு வரைக்கும் வந்துட்டு தட்டாம போனீங்க பாருங்க, அதுதான் நீங்க. தட்டியிருந்தா வாய் நிறையத் திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும். இப்ப எழுதி எழுதி ரெண்டு பேருக்கும் நஞ்சு ஏறுது.


ஏப்ரல் 9, வியாழன்

சம்பந்தி அம்மாவுக்கு,

நாளை பத்தாம் தேதி. நான் இதுவரை சொல்லவில்லை. நாளையும் சொல்ல மாட்டேன் என்று தோன்றுகிறது. இது உங்கள்மேல் உள்ள இரக்கம் அல்ல. மகனோடு பேசும்போது இரண்டு முறை வாய்வரை வந்தது. இரண்டு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கோழைத்தனத்துக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் மாட்டீர்கள்.

செடிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மிதக்கும் செடியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது தண்ணீரின் மேல் முழுதும் படர்ந்தால் தொட்டிக்கு நல்லது. ஆனால் வெளிச்சம் கீழே இறங்காது. அறை இருண்டுவிடும். ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்குக்கூட வெளிச்சம் வராது. ஆகவே அது இந்தத் தொட்டிக்கு ஏற்ற செடி அல்ல.

அதற்குப் பதிலாக ஹைக்ரோபிலா என்று ஒரு செடி, நான்கைந்து தண்டுகள் வாங்கிப் பின்பக்கமாக நட்டிருக்கிறேன். இதை மணலில்தான் நட வேண்டும். உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். வேகமாக வளரும். பாசிக்குக் கிடைக்க வேண்டிய சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். முன்பக்கக் கண்ணாடியை மறைக்கிறபடி எதையும் வைக்கவில்லை. டைமரை மீண்டும் மாட்டியிருக்கிறேன். ஜன்னல் வழியாக எறிவதற்குமுன் அதைப் பாருங்கள். பகல் முழுக்க விளக்கு எரியாது. மாலை இருட்டும்போது எரிந்து, தூங்கும் நேரத்துக்கு அணையும். செடிக்கும் பாசிக்கும் மொத்த நேரம்தான் கணக்கு. அது பகலா மாலையா என்று அவற்றுக்குத் தெரியாது. அந்த நேரத்துக்குமேல் எரிய விடாதீர்கள். கண்ணுக்கும் நல்லதல்ல.

இதை நீங்கள் சமாதானம் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. ஓர் அறையில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அங்குள்ள தொட்டிக்குச் செடி தேர்ந்தெடுக்க முடியாது. இருக்கிற நிலைமைக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தேன். அறைக்கான என் கோரிக்கை அப்படியே இருக்கிறது. நீங்கள் இங்கே இருப்பது தவறு என்ற கருத்தும் அப்படியே இருக்கிறது.


ஏப்ரல் 20

சம்பந்திக்கு,

சுருக்கமா எழுதறேன். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை சொல்லாம கொள்ளாம வந்துட்டார். ரெண்டு நாள் லீவாம். சாவி போட்டுத் திறந்துட்டு உள்ள வந்தார். நான் தொட்டி பக்கத்துல உட்கார்ந்து யாரோட பாவாடைக்கோ விளிம்பு மடிச்சுக்கிட்டிருக்கேன். கட்டில்ல என் தலகாணி. கொடியில என் புடவை. ஒளிக்க நேரமில்ல.

"என்னத்தை, இங்கயா இருக்கீங்க?"ன்னார். திட்டலை. அதுதான் தாங்கலை எனக்கு. முகம் அப்படியே சுருங்கிப்போச்சு அவருக்கு, தான் ஏதோ தப்புப் பண்ணின மாதிரி. பெரியவன் வீட்டுக் கதையைச் சொல்ல நாக்கு வரலை. பெத்த பிள்ளை ஆச்சே. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். "உங்கப்பாதான் தங்கச் சொன்னார்"ன்னேன்.

அவருக்கு நம்ப முடியலை. "எங்கப்பாவா?"ன்னு ரெண்டு தரம் கேட்டார். உங்களுக்குப் போன் பண்ணுவார். நீங்க இல்லைன்னு சொல்லுங்க. அதுதான் நிஜம். நான் உங்க கால்ல விழப்போறதில்ல. நான் பொய்க்காரின்னு தெரிஞ்சா, அறை உங்களுக்குத்தான். ஒரே வார்த்தைதான் நீங்க சொல்ல வேண்டியது. அதையும் திக்கித் திணறாம சொல்லப் பாருங்க.


ஏப்ரல் 23, வியாழன்

சம்பந்தி அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை மகன் கூப்பிட்டான். பேசியதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"அப்பா, அத்தைய நீங்கதான் தங்கச் சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் இருந்தேன். காலையில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். "ஆமாம்" என்றேன்.

"எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

"தொட்டியில் பாசி பிடித்திருந்தது."

"பாசிக்கும் அத்தைக்கும் என்னப்பா?"

"கூடவே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்வது நல்லது என்று..."

பிறகு, "உங்களுக்கு இப்படி ஒரு மனசு இருக்கும்னு நான் நினைச்சதே இல்லப்பா" என்றான். "நீங்க அறைக்காக அடிச்சுக்கறீங்கன்னு நாங்க இங்க பயந்துக்கிட்டிருந்தோம். நீங்க எப்பவோ விட்டுக்கொடுத்துட்டீங்க. சரிப்பா, அறை அத்தைக்கே இருக்கட்டும். உங்களுக்குப் பக்கத்துலயே நல்ல பெரியவர்கள் விடுதியா பார்க்கறேன். வாரக் கடைசியெல்லாம் எங்களோடதான்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு நினைப்பே எனக்கு இருந்ததில்லை. ஆனால் தங்கச் சொன்னவன் நானென்றால், அறையைக் கொடுத்தவனும் நானாகத்தானே ஆகிறேன். "ஆமாம்" என்ற பிறகு எந்த வாயால் "ஆனால் அறை எனக்கு வேண்டும்" என்று சொல்வது? என் மகன் என்னை மனதாரப் பாராட்டியது, நான் செய்யாத ஒரு காரியத்துக்காக. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் அறையையும் எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்லும் உரிமையையும் எடுத்துக்கொண்டீர்கள்.

அவன் அன்றிரவே முகவரி அனுப்பிய விடுதியை நேற்று போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. ஓர் அறைக்கு மூன்று கட்டில்கள். இருவர் ஏற்கெனவே இருக்கிறார்கள். இருவருக்கும் காது கேட்காது. தொலைக்காட்சி உரக்க ஓடிக்கொண்டிருந்தது.

என் சாவியை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். இனி எல்லாக் கிழமைகளும் உங்களுடையவை. ஹைக்ரோபிலா உயரமாகிவிட்டால் நுனியை வெட்டி, வெட்டியதைப் பக்கத்திலேயே நடுங்கள். அனூபியாஸை விட்டுவிடுங்கள். உங்கள் முடிச்சு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றபடி உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க முயற்சி செய்வதாகவும் இல்லை.


ஏப்ரல் 24

சம்பந்திக்கு,

இதைக் காவலாளி கையில உங்க மாடிக்குக் கொடுத்தனுப்பறேன். சாவியும் உள்ள இருக்கு. எடுத்துக்கோங்க. உங்க சாவி எனக்கு எதுக்கு?

யார் உங்களை ஆமான்னு சொல்லச் சொன்னா? நீங்க இல்லைன்னு சொல்வீங்க, நான் உங்களைச் சபிச்சுக்கிட்டே மெஷினைத் தூக்கிட்டு இறங்கிடலாம்னு இருந்தேன். மனசுக்குள்ள எல்லாம் தயாரா வச்சிருந்தேன், என்னென்ன சொல்லித் திட்டணும்னுகூட. நீங்க எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. உங்க கடிதத்தைப் படிச்சுட்டு சோறு இறங்கலை. ஜெயிக்க வந்தவளுக்குப் பிச்சை போட்டுட்டு, பிச்சை போடலைன்னு ரெண்டு பக்கம் எழுதறீங்க.

எனக்கு வேணாம். நேத்து சாயங்காலமே என் மகளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நடை, துணி துவைக்கற மெஷின், அவ அண்ணன், பேப்பர், எல்லாம். "உன் மாமனார் என்னைத் தங்கச் சொல்லலை. நான் பொய் சொன்னேன். என்னைக் காட்டிக்கொடுக்கத் தெரியாம அவரும் பொய் சொன்னார். அவருக்கு அறை வேணும். எனக்கும் வேணும்"னேன். அவ அழுதா. அப்புறம் கத்தினா. அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டா. அவர் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்னு அவதான் சொன்னா. அந்தப் பாராட்டை அவர் திருப்பி எடுத்துக்கிட்டாரான்னு எனக்குத் தெரியாது. அது உங்க பாடு.

கடைசியில சொன்னாங்க. எழுதினது போதும், போன்ல மாத்தி மாத்திச் சொன்னதும் போதும். நாளைக்கு, சனிக்கிழமை காலையில, ரெண்டு பேரும் வீடியோவுல வருவாங்களாம். நாம ரெண்டு பேரும் இந்த அறையில பக்கத்துல பக்கத்துல உட்காரணுமாம். அவங்க கண்ணு முன்னாடி நமக்கு என்ன வேணும்னு நாமளே சொல்லணுமாம். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்தேன்னு சொல்லக் கூடாதாம். அது என் மக போட்ட சட்டம்.

அதனால வாங்க. மழையைப் பத்திப் பேசிட்டு எழுந்து போகாம, எனக்கு இந்த அறை வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க. நானும் சொல்லுவேன். நான்தான் ஜெயிப்பேன், அதுல சந்தேகம் வேணாம்.

நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க. போன மாசம் லிஃப்ட்ல எதிர்ல வந்தீங்க, நான் பார்க்காத மாதிரி போனேன். காலர் ரெண்டு பக்கமும் நைஞ்சு நூல் தொங்குச்சு. வேற சட்டை இல்லைன்னா அரை மணி முன்னாடியே வந்துடுங்க, காலரைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சுத் தர்றேன். உங்களுக்காக இல்ல. என்கிட்ட தோத்தவர் கிழிஞ்ச சட்டையில உட்கார்ந்திருந்தா, அது எனக்குத்தான் கேவலம்.